புளிப்புக் கள்ளிப்பழம் ஷோகோநோஸ்ட்லே: எதைத் தின்பது, எதை எறிவது, சர்க்கரைக்கு உதவுமா?

#1 | புளியமரத்தடி

மெக்சிகோவின் குவெரெதாரோ நகரச் சந்தையில் துனா (இனிப்புக் கள்ளிப்பழம்) விற்கிற கடையிலேயே, பக்கத்தில் இன்னொரு பழத்தையும் குவித்து வைத்திருக்கிறார்கள். துனாவில் பாதி அளவு, சாம்பல் பூத்த இளஞ்சிவப்பு. பெயர் ஷோகோநோஸ்ட்லே. துனா மாதிரியே பிளந்து நடுவில் கரண்டியை விட்டால் வாய் நிறைய விதை, பல் கூசும் புளிப்பு. மூன்று கேள்விகள்:

1. இதை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?
2. "மெக்சிகோ மலைக்கள்ளிப் பழம், சர்க்கரை, கொழுப்பு, ரத்தசோகை மூன்றுக்கும் ஒரே மருந்து" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. எவ்வளவு நிஜம்?
3. நம்மூர் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இதுவும் ஒன்றா?

#2 | மேட்டுநிலம்

கரண்டியை நடுவில் விட்டதுதான் தப்பு. துனாவில் தின்கிற பகுதி இதில் குப்பை, துனாவில் எறிகிற பகுதி இதில் சாப்பாடு.

துனாவில் தோல் தடிமனாக இருக்கும், உரித்து எறிவோம். உள்ளே இனிப்புச் சதை முழுக்க விதைகள் பரவிக் கிடக்கும். ஷோகோநோஸ்ட்லேயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே தாள் போல ஒரு மெல்லிய தோல். அதற்குள் ஒரு விரல் தடிமனுக்கு வெளுத்த ரோஸ் நிறச் சுவர், பச்சை ஆப்பிள் மாதிரி கடிபடும். நடுவில் வழவழவென்ற கூழுக்குள் விதையெல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டிருக்கும். அந்த உருண்டையை வழித்து எறிந்துவிட்டால் மிஞ்சுகிற சுவர்தான் பழம்.

பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. மெக்சிகோ பூர்வகுடிகளின் நாவாட்டில் மொழியில் 'ஷோகோக்' என்றால் புளிப்பு, 'நோச்ட்லி' என்றால் கள்ளிப்பழம். ஆக, நேர் தமிழில் புளிப்புக் கள்ளிப்பழம். துனாவின் கார அமில அளவு (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-ஐ ஒட்டி இருக்கும், இதுவோ 3-ஐ ஒட்டி. சர்க்கரையும் துனாவில் இருப்பதில் பாதிகூட இருக்காது. மத்திய மெக்சிகோ மேட்டுநிலத்தில், அதாவது மெக்சிகோ மாநிலம், இடால்கோ, குவெரெதாரோ, குவானஹ்வாதோ, சகதேகாஸ் பக்கமெல்லாம், 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய வறண்ட மண்ணில் இது சர்வ சாதாரணம். தாவரவியலில் ஒரே இனம் இல்லை. ஓபுன்ஷியா ஜோகோநோஸ்ட்லே, ஓபுன்ஷியா மட்டுடே என்று சில இனங்களைச் சேர்த்துத்தான் சந்தையில் இந்தப் பெயரில் விற்கிறார்கள். 'குவாரெஸ்மேன்யோ' என்று கேட்டு வாங்கினால் சுவர் தடித்த ரகம் கிடைக்கும். அந்தப் பெயர் குவாரெஸ்மா, அதாவது கிறிஸ்தவர்களின் தவக்காலம், என்ற சொல்லிலிருந்து வந்தது.

துனா ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டும், பழுத்தால் காத்திருக்காது, செடியிலேயே வெடித்து அழுகும். இது பழுத்த பிறகும் மாதக்கணக்கில் மட்டையிலேயே தொங்கும், கெடாது. வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம், செடிதான் களஞ்சியம். சமையலில் நம் புளிக்குள்ள இடம் இதற்கு அங்கே வந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்பேன்.

தயார் செய்வது:

கெட்டியான பழமாகப் பொறுக்குங்கள். தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் பரவாயில்லை. காம்புப் பக்கம் ஈரமாக, பழுப்பாக இருந்தால் வேண்டாம். சந்தையில் முள் தேய்த்துத்தான் விற்பார்கள், ஆனாலும் தலைப்பக்கம் பூ உதிர்ந்த குழியின் விளிம்பில் பூமுள் (மயிர் போன்ற நுண்முள்) ஒட்டியிருக்கும். இடுக்கியால் பிடித்து, குழாய்த் தண்ணீரில் கடினமான தூரிகையால் தேயுங்கள். இரண்டு முனையையும் அரை சென்டிமீட்டர் நறுக்கித் தள்ளுங்கள். உருளைக்கிழங்கு சீவுகிற கருவியால் தோலை மெல்லிசாகச் சீவுங்கள். நெடுக இரண்டாகப் பிளந்து, தேக்கரண்டியால் விதை உருண்டையை ஒரே சுழற்றில் எடுத்துவிடுங்கள். உள்பக்க வழவழப்பையும் சுரண்டிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் சல்சா வெண்டைக்காய் அரைத்த மாதிரி இழுக்கும்.

#3 | புளியமரத்தடி

நன்றி. சுவரை அப்படியே கடித்துப் பார்த்தாயிற்று, நெல்லிக்காய்க்கும் மாங்காய்க்கும் நடுவில் ஒரு புளிப்பு. உப்பு மிளகாய்த்தூள் தொட்டால் தேவலை. இனி சமையல்?

#4 | உப்புப்புளி

உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்வது அங்கேயும் வழக்கம்தான். பொடியாக நறுக்கி, வெங்காயம், கொத்தமல்லி, பச்சைமிளகாய் சேர்த்துப் பச்சடி போலவும் சாப்பிடுவார்கள். ஆனால் இந்தப் பழத்தின் உண்மையான வேலை 'மோலே தே ஓயா'வில். பெயரில் மோலே இருந்தாலும் கெட்டிக் குழம்பு இல்லை, எலும்போடு மாட்டிறைச்சி போட்ட நீர்த்த மிளகாய்ச் சாறு.

நாலைந்து பேருக்கு: எலும்போடு கால் இறைச்சி 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், பாதி வெங்காயம், 4 பல் பூண்டு, உப்பு. இறைச்சி முக்கால் பதம் வெந்ததும் (சாதாரணப் பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம்) விதை நீக்கி வறுத்து ஊறவைத்து அரைத்த வத்தல் விழுது: குவாஹியோ 4, பாசியா 2. இதை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோல் நாக்கில் ஒட்டும். அடுத்து வட்டமாக வெட்டிய சோளக்கதிர் 2, சௌசௌ 1. பத்து நிமிடம் கழித்துப் பீன்ஸ் ஒரு கைப்பிடி, சின்ன பச்சைச் சுரைக்காய் வகையான கலபசீத்தா 2, எபசோத்தே என்ற மணக்கீரை ஒரு கொத்து. காய்கள் கிட்டத்தட்ட வெந்த பிறகு ஷோகோநோஸ்ட்லே 4, ஒவ்வொன்றும் நான்கு துண்டு. அதன்பின் 15 நிமிடம் போதும்.

இந்த வரிசையில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். "புளிப்பு இறங்கட்டும்" என்று பழத்தை முதலிலேயே போட்டுவிடுவார்கள். அமிலம் இருக்கும்போது காயின் செல்சுவரில் இருக்கிற பெக்டின் என்ற ஒட்டுப்பொருள் கரையாது. சோளமும் பீன்ஸும் எவ்வளவு கொதித்தாலும் நறுக் நறுக்கென்றே நிற்கும், பீன்ஸ் பச்சையும் செத்துப்போகும். சாம்பாரில் புளியை முந்தி ஊற்றினால் காய் வேகாதே, அதே கணக்கு. துண்டு வெந்தும் வடிவம் கெடாமல் நிற்பதும் இந்த அமிலத்தால்தான்.

சல்சாவுக்கு 4 பழத்தைத் தோலோடு தோசைக்கல்லில் மிதமான தீயில் 12 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் கருகி வெடிக்க வேண்டும். ஆறியதும் உரித்து, விதை வழித்து, சுட்ட 2 பல் பூண்டு, 2 மோரீத்தா வத்தல், உப்போடு அம்மியில் தட்டி எடுங்கள். வத்தல் கல்லில் 20 விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது. கருகினால் வரும் கசப்பைப் புளிப்பு இன்னும் தூக்கிக் காட்டும். தக்காளி வேண்டாம். போட்டால் அது வேறு சல்சா.

#5 | மட்டைக்காரன்

விதையை எறியச் சொல்கிறீர்களே, நார்ச்சத்து அதில்தானே இருக்கிறது?

#6 | மாத்திரைப்பெட்டி

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். இந்த விதை விஷயமும் அதில் அடங்கும்.

நார் விதையில் உண்டு, ஆனால் கல் போன்ற உறைக்குள். மெல்லாமல் விழுங்கினால் விழுங்கினபடியே வெளியே வரும், வந்தால் நல்லது. துனாவை ஒரே உட்காரலில் பத்துப் பதினைந்து தின்றுவிட்டு மலக்குடலில் விதை சிமெண்டுப் பாளம் மாதிரி இறுகி மருத்துவமனைக்கு வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "துனா அடைக்கும்" என்று மெக்சிகோவில் சொல்வது சும்மா இல்லை. பெரியவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துனாவோடு நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடிப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்கனவே மலச்சிக்கல் உள்ள வயதானவர்களுக்கும் சாற்றை வடிகட்டிக் கொடுங்கள். அடைத்துவிட்டால் வீட்டில் பேதி மருந்து கொடுத்து முக்க வைக்காதீர்கள், மருத்துவரிடம் போக வேண்டும். ஷோகோநோஸ்ட்லேயில் விதையை எடுத்துவிடுவதால் இந்தத் தொல்லையே இல்லை. சுவரிலேயே நார் இருக்கிறது.

அடுத்து, அந்த வாட்ஸ்அப் செய்தி. அதில் மூன்று வெவ்வேறு பொருளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்: நொபால் என்கிற கள்ளி மட்டை, துனா என்கிற இனிப்புப் பழம், ஷோகோநோஸ்ட்லே.

சர்க்கரை: பெரிதாகப் பேசப்படும் ஆய்வுகள் மட்டையைப் பற்றியவை. 1988-இல் 'டயாபடீஸ் கேர்' இதழில் மெக்சிகோ மருத்துவர்கள் எழுதியதில், இரண்டாம் வகை நோயாளிகளுக்குக் கொடுத்தது 500 கிராம் சுட்ட மட்டை. அதன் கொழகொழப்பும் நாரும் சேர்ந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. அதைப் பழத்தின் கணக்கில் எழுதக் கூடாது. துனாவில் 100 கிராமுக்கு 9.6 கிராம் மாவுச்சத்து. உரித்த சதை 200 கிராம் சாப்பிட்டால் 19 கிராம், சுமார் நாலைந்து தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம். நார் 100 கிராமுக்கு 3.6 கிராம் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் அளவாகச் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஷோகோநோஸ்ட்லேயின் நன்மை இன்னும் எளிமையானது. சர்க்கரை குறைவு, ஒரு வேளைக்குச் சாப்பிடுவதும் இரண்டு துண்டு. அதையே 'ஆகுவா' என்ற பழத்தண்ணீராக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டுக் குடித்தால் என்ன மிச்சம்?

மட்டைப்பொடி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ ஏற்கனவே எடுத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

ரத்தசோகை: சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை பீட்ரூட்டில் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறது. துனாவில் இரும்பு 100 கிராமுக்கு 0.3 மில்லிகிராம். கேழ்வரகில் நாலரைக்கு மேல். பழத்தின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி, பீட்ரூட்டில் இருப்பதும் அதே குடும்பம். அதற்கும் இரும்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உருப்படியாக உள்ளவை: துனாவில் மக்னீசியம் 100 கிராமுக்கு 85 மில்லிகிராம், ஒரு பழத்துக்கு அது நல்ல அளவு. வைட்டமின் சி 14 மில்லிகிராம், கொய்யாவின் இருநூற்றுச் சொச்சத்துக்கு முன்னால் பேசவே வேண்டாம். ஆனால் 2004-இல் சிசிலியில் செய்த ஒரு சிறு ஆய்வு சுவாரசியமானது. 18 ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம், தினம் இரண்டு வேளை 250 கிராம் கள்ளிப்பழச் சதை. இன்னொரு சுற்றில் அதே பழத்தில் இருக்கும் அளவு வைட்டமின் சி மட்டும். பழம் தின்றபோது ரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளங்கள் குறைந்தன, வைட்டமின் சி மட்டும் அதைச் செய்யவில்லை. பீட்டாலைனுக்கு அதில் பங்கு இருக்கலாம். ஆனால் 18 பேர், இரண்டு வாரம், அரை கிலோ பழம். இதை வைத்து "கொழுப்பைக் குறைக்கும், இதயத்தைக் காக்கும்" என்று எழுதுவது விளம்பரம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைக் கணக்கில் எடுங்கள், துனாவில் 100 கிராமுக்கு 220 மில்லிகிராம். சிவப்பு ரகம் தின்ற மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதறாதீர்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர் ஓவியேதோ கரீபியத் தீவில் இந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, ரத்தமே போகிறது என்று பயந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

#7 | மட்டைக்காரன்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாரம்பரியமாக மருந்தாகப் பயன்பட்டதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதே.

#8 | மாத்திரைப்பெட்டி

தள்ளவில்லை நண்பரே. பாரம்பரியத்தில் இது எப்படி இருந்தது என்று பாருங்கள்: மிளகாய்ச் சாற்றில் நாலு துண்டு, சல்சாவில் இரண்டு. நார் உள்ள, சர்க்கரை குறைந்த, உப்பைக் குறைக்க உதவுகிற ஒரு புளிப்பு. பாட்டில் மாத்திரையாக யாரும் விழுங்கவில்லை.

#9 | நாகதாளி

மூன்றாம் கேள்விக்கு நான் சொல்லுறன். எங்கட பக்கம் நாகதாளி, தமிழ்நாட்டில சப்பாத்திக்கள்ளி. இரண்டும் ஓபுன்ஷியா டில்லெனி. இது ஷோகோநோஸ்ட்லே இல்லை, மலைப்பிரதேசச் செடியும் இல்லை. கரையோர வறண்ட மண்ணில வாற சாமான். அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல தேசியப் பூங்காவில இது காடாய்ப் பரவினது பெரிய தலையிடி.

பழத்தின்ர உள்ளமைப்பு துனா மாதிரித்தான், சுவர் மட்டும் மெல்லிசு: உள்ளுக்குள்ள கடும் ஊதாச் சிவப்புச் சாறும் விதையும். புளிப்பும் கொஞ்சம் இருக்கு. அதால துண்டாய்ப் போடுற கறிக்குச் சரிவராது. பிழிஞ்சு, துணியில வடிச்சு, சாறாய்ப் பாவிக்கலாம்.

நம்மட ஊர்க் கள்ளிகளின்ர கதையில சாயத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. மெக்சிகோவில கள்ளியில வளர்க்கிற கொச்சினீல் பூச்சியில இருந்து சிவப்புச் சாயம் எடுப்பினம். அதை மெட்ராஸில செய்யலாம் எண்டு 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன் எண்ட வைத்தியர் சைதாப்பேட்டையில கள்ளித்தோட்டம் போட்டார். 1795இல பிரேசிலில இருந்து வந்த பூச்சி சரியான சாயப்பூச்சி இல்லை, அதின்ர மட்டமான சொந்தக்காரன். சாயம் தேறேல்லை, ஆனால் அந்தப் பூச்சி ஓபுன்ஷியா மொனகந்தா எண்ட கள்ளியைத் தின்று முடிச்சுது. டில்லெனியை அது தொடேல்லை. அதுக்கு 1926இல இலங்கையில இருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுபோய் விட்டவை. இண்டைக்குக் கள்ளியில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறதை நசுக்கிப் பாருங்கோ, விரல் இரத்தச் சிவப்பாகும்.

#10 | புளியமரத்தடி

அருமை. இடையில் ஒரு அவசரம்: கையுறை போட்டுத் தேய்த்தும் பூமுள் விரலில் ஏறிவிட்டது. கண்ணுக்கே தெரியவில்லை, தொட்டால் மட்டும் சுருக்கென்கிறது.

#11 | மேட்டுநிலம்

துணிக் கையுறையா? அதில்தான் முள் தங்கும், அடுத்த தடவை போடும்போது உள்பக்கமும் வந்திருக்கும். எறிந்துவிடுங்கள். தடித்த ரப்பர் கையுறை, அதற்கும் மேல் இடுக்கி.

கையைத் தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்கவே எடுக்காதீர்கள். பூமுள்ளின் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, தேய்த்தால் உள்ளேதான் போகும். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, சிமிட்டாவால் தெரிகிற வரை எடுங்கள். மிச்சத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே ஒரு அடுக்கு மருத்துவ வலைத்துணி ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் ஒரே இழுப்பில் உரியுங்கள். சூப்பர் குளூ கூடாது, அது முள்ளையும் தோலையும் சேர்த்து ஒட்டிவிடும். கண்ணில் விழுந்திருந்தால் கசக்காமல் நேராகக் கண் மருத்துவரிடம்.

தோட்டத்துக்காரர்கள் விடியற்காலையில், பனி காயும் முன் பறிப்பது இதற்காகத்தான். ஈரத்தில் பூமுள் பறக்காது. காற்று எழுந்த பிறகு பறித்தால் கண், மூக்கு, கழுத்து எல்லாம் போகும். துனாவைப் பறிக்கும்போது முறுக்கி இழுக்காமல், அடியில் மட்டையின் ஒரு சின்னச் சீவலோடு கத்தியால் அறுப்பார்கள். இழுத்தால் அடி கிழியும், அந்தக் காயத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். பறித்ததை வைக்கோல் மேல் பரப்பி விளக்குமாற்றால் உருட்டிப் பெருக்கி முள்ளை எடுப்பார்கள்.

#12 | பாகுப்பதம்

ஜாம், மிட்டாய் பக்கம் யாரும் போகவில்லையே.

ஷோகோநோஸ்ட்லே ஜாம் சுலபம். சுத்தம் செய்த சுவர் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், தண்ணீர் ஒரு டம்ளர். பழத்தை முதலில் தண்ணீரில் மெத்தென்று வேகவைத்துவிட்டுத்தான் சர்க்கரை. முதலிலேயே போட்டால் துண்டு விறைத்து ரப்பராகும். எலுமிச்சை வேண்டாம், புளிப்பு பழத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும்.

துனாவில் இதே கணக்கைப் போட்டு ஏமாறாதீர்கள். அமிலம் இல்லாததால் ஜாம் இறுகாது, கிலோவுக்கு இரண்டு எலுமிச்சையாவது வேண்டும். அதைவிட முக்கியம், துனாச் சாற்றைக் காய்ச்சி அப்படியே பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து. கார அமில அளவு 4.6-க்கு மேல் உள்ள எந்தச் சாறும் காற்றுப் புகாத பாட்டிலில், கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமிக்கு வசதி. வீட்டில் செய்தால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் முடியுங்கள், இல்லையென்றால் உறையவையுங்கள். காய்ச்சினால் வைக்கோல் வாடை வரும், சிவப்பும் பழுப்பாகும். பீட்டாலைன் சூட்டுக்கு நிற்காது.

மிட்டாய்க்கு ஆக்ரா பேட்டா (பூசணி மிட்டாய்) முறைதான். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சுண்ணாம்பு கரைத்து, தெளிந்த மேல்நீரில் துண்டுகளை 3 மணி நேரம் ஊறவைத்து, நாலு தண்ணீர் மாற்றி அலசுங்கள். சுண்ணாம்பு பெக்டினோடு சேர்ந்து துண்டைக் கெட்டியாக்கும். பிறகு நீர்த்த பாகில் (லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை) ஒரு கொதி, ஒரு இரவு. மறுநாள் பாகை மட்டும் எடுத்து 200 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு மீண்டும் ஊற்றுங்கள். இப்படி ஐந்தாறு நாள். அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால், உள்ளே சர்க்கரை போவதற்குள் உள்ளிருக்கும் நீர் வெளியே வந்துவிடும், துண்டு வத்தலாகச் சுருங்கும். கடைசியில் வலைத்தட்டில் இரண்டு நாள் உலர்த்தல்.

சான் லூயிஸ் பொதோசி, சகதேகாஸ் பக்கம் 'துனா பாலாடைக்கட்டி' என்று விற்பதில் பால் ஒரு சொட்டும் கிடையாது. கார்தோனா ரகச் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சி, பாகாக்கி, கல்லில் அடித்து அச்சில் வார்ப்பது. நிறமும் கடியும் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. சர்க்கரை நோயாளிகள் அந்தக் கடைப்பக்கம் தலைவைக்க வேண்டாம்.

#13 | புளியமரத்தடி

கடைசிச் சந்தேகம். 2 கிலோ வாங்கியாயிற்று, எத்தனை நாள் தாங்கும்?

#14 | உப்புப்புளி

கழுவாமல், காற்றோட்டமான கூடையில் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாராளம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நாலு நாளில் காம்புப் பக்கம் பூஞ்சணம். துனாவுக்கு இந்தப் பொறுமை கிடையாது, ஒரு வாரத்தில் தின்றுவிடுங்கள்.

அதிகம் இருந்தால் தோல் சீவி, விதை எடுத்து, நாலாக வெட்டி, தட்டில் பரப்பி உறையவைத்து அப்புறம் டப்பாவில் போடுங்கள். முதலிலேயே டப்பாவில் குவித்தால் ஒரே கட்டியாகிவிடும். உறைந்தது கடிக்க மெத்தென்று இருக்கும், பச்சடிக்கு ஆகாது. சாற்றில் போட நேராக எடுத்துப் போடலாம், கரையவிட வேண்டாம். பச்சடிக்கு வேண்டிய ஆறேழு பழத்தை மட்டும் முழுசாகக் கூடையில் விட்டுவையுங்கள்.